ஓய்வூதியர் கட்சி வேட்பாளராக நிற்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வூதியர்களின் கோரிக்கைகளுக்காகவே நடத்தப்படும் ஒரு சிறு கட்சியின் சார்பில், தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலில் நிற்க முன்வருகிறவர்களுக்காக எழுதியது இது. இத்தகைய கட்சி தேர்தல் ஆணையத்தின் பார்வையில் 'பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் பெறாத கட்சி'. பெரிய கட்சி வேட்பாளருக்குக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள வழக்கறிஞர் அணி இருக்கும். நமக்கு அது கிடையாது. அதனால்தான் சிறு கட்சி வேட்பாளர்கள் பலர் வாக்குப்பதிவு நாளுக்குப் பல நாள் முன்பே, மனு பரிசீலனை மேசையிலேயே களத்தை விட்டு வெளியேறுகிறார்கள். நாற்பது ஆண்டு ஃபைல் பார்த்தவருக்கு இந்த வேலை கைவந்ததுதான். ஆனால் தேர்தல் ஃபைலில் 'பிறகு சரிசெய்துகொள்ளலாம்' என்ற இடமே இல்லை.

அரசு ஓய்வூதியம் வாங்குகிறேன். தேர்தலில் நின்றால் பென்ஷன் நின்றுவிடுமா?

நிற்காது. பணியில் இருக்கும்போதுதான் தடை. ஓய்வூதியம் என்பது ஏற்கெனவே செய்த பணிக்கான உரிமை, அரசமைப்புச் சட்டப்படி தேர்தலில் நிற்கத் தடையாகும் 'ஆதாயம் தரும் பதவி' அல்ல. குடும்ப ஓய்வூதியம் பெறுகிறவரும், தொழிலாளர் வைப்புநிதி பென்ஷன் வாங்குகிறவரும் தாராளமாக நிற்கலாம். குறைந்தபட்ச வயது 25. மேல்வரம்பு கிடையாது.

அப்படியானால் ஓய்வுபெற்ற எவரும் நிற்கலாமா?

மூன்று நிலைகளில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஓய்வுக்குப் பிறகு தொகுப்பூதியத்திலோ ஒப்பந்தத்திலோ மீண்டும் அரசுத் துறையில் வேலை பார்ப்பவர்கள். 'மாதம் கொஞ்சம்தான் தருகிறார்கள், இதெல்லாம் பதவியா' என்று விட்டுவிடாதீர்கள். அது ஆதாயம் தரும் பதவியாகக் கருதப்படலாம். மனு பரிசீலனை நாளுக்கு முன்பே விலகி, விலகல் ஏற்கப்பட்டதற்கான ஆணையைக் கையில் வைத்திருங்கள். கடிதம் கொடுத்த ரசீது மட்டும் போதாது.

இரண்டாவது, விருப்ப ஓய்வு கேட்டு விண்ணப்பித்தவர்கள். விடுவிப்பு ஆணை வராத வரை சட்டப்படி அவர் அரசு ஊழியரே.

மூன்றாவது, பணிநீக்கம் செய்யப்பட்டு 5 ஆண்டு முடியாதவர்கள். ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ நீக்கப்படவில்லை என்று தேர்தல் ஆணையம் தரும் சான்றை மனுவோடு இணைத்தாக வேண்டும். இணைக்காவிட்டால் மனு செல்லாது. சான்று டெல்லியிலிருந்து வர வேண்டும் என்பதால், தேர்தல் அறிவிப்பு வந்தபின் விண்ணப்பிப்பது காலம் கடந்த வேலை.

கட்சி பதிவாகிவிட்டது. அதன் பிறகு என்ன கவலை?

பதிவு நிலையானது அல்ல. தொடர்ந்து 6 ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்காத கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 என்று பட்டியலிலிருந்து நீக்கியது. அதில் தமிழ்நாட்டுக் கட்சிகளும் இருந்தன. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து அனுப்பாத கட்சிகளுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. மனுத் தாக்கலுக்கு முன் உங்கள் கட்சியின் பெயர் இன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். நீக்கப்பட்டிருந்தால் நீங்கள் சுயேச்சையாகத்தான் நிற்க முடியும்.

முன்மொழிபவர் எத்தனை பேர் வேண்டும்? பெரிய கட்சிக்காரர் ஒருவரை மட்டும் வைத்துத் தாக்கல் செய்கிறாரே?

அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு ஒருவர் போதும். நமக்கு 10 பேர். பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். அதிக மனுக்கள் அடிபடும் இடம் இதுதான். காரணங்களும் எப்போதும் இவைதான்:

வேட்புமனுப் படிவமான 2பி-யில் முதல் பாகம் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு, இரண்டாம் பாகம் மற்றவர்களுக்கு. கட்சி சார்பில் நிற்கிறோமே என்று முதல் பாகத்தை நிரப்பி ஒரே ஒருவரின் கையெழுத்தோடு கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து பாகம் எண், வரிசை எண் எழுதுவது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தோடு வாக்குச்சாவடிகளும் மறுசீரமைக்கப்பட்டன. பல இடங்களில் எண்கள் மாறிவிட்டன. வாக்காளர் அட்டையில் அச்சாகியிருக்கும் பழைய பாக எண்ணை நம்பவே கூடாது. இறுதிப் பட்டியலையும் துணைப் பட்டியலையும் திறந்து ஒவ்வொரு பெயரையும் நேரில் பாருங்கள்.

மூன்றாவது நம் கட்சிக்கே உரிய சிக்கல். சங்கத்தில் கூடவே இருக்கும் நண்பர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் ஓய்வுக்குப் பின் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய், ஓட்டையும் அங்கே மாற்றியிருப்பார்கள். பக்கத்துத் தெரு பக்கத்துத் தொகுதியில் இருப்பதும் நகரங்களில் சாதாரணம்.

கைநாட்டு வைப்பவர் என்றால், அவர் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலையில்தான் ரேகை வைக்க வேண்டும். வீட்டில் வைத்து வாங்கி வந்தது செல்லாது. கை நடுக்கத்தால் கையெழுத்திலிருந்து கைநாட்டுக்கு மாறிய பெரியவர்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

இதற்கு மருந்து உண்டு. ஒரு தொகுதியில் ஒருவர் 4 மனுக்கள் வரை தரலாம், டெபாசிட் ஒன்றே போதும். ஆகவே 20 பேரைப் பிடித்து, பத்துப் பத்துப் பேராக இரண்டு தனித்தனி மனுக்கள் கொடுங்கள். ஒன்றில் ஒரு பெயர் தவறினாலும் மற்றொன்று நிற்கும். ஒரே பத்துப் பேரை இரண்டு மனுவிலும் போட்டால் தவறும் இரண்டிலும் அப்படியே இருக்கும்.

டெபாசிட் எவ்வளவு? எப்போது திரும்பக் கிடைக்கும்?

சட்டமன்றத்துக்கு ரூ.10,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.5,000. நாடாளுமன்றத்துக்கு ரூ.25,000, ரூ.12,500. தேர்தல் நடத்தும் அலுவலரிடம் ரொக்கமாகக் கட்டலாம், அல்லது கருவூலத்திலோ ரிசர்வ் வங்கியிலோ கட்டிச் சலானை இணைக்கலாம். காசோலை எடுக்க மாட்டார்கள்.

மனு தள்ளுபடியானாலும், உரிய நேரத்தில் வாபஸ் பெற்றாலும் பணம் திரும்பும். தேர்தலில் நின்று தோற்றால், செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கை விட ஒரு ஓட்டாவது கூடுதலாக வாங்கியிருக்க வேண்டும். நோட்டாவுக்கு விழுந்தவை இந்தக் கணக்கில் சேராது. நோட்டா போக 1,80,000 வாக்குகள் என்றால் 30,000 வாங்கியவருக்கு டெபாசிட் போகும், 30,001 வாங்கியவருக்குத் திரும்பும். நேர்மையாகச் சொல்வதானால், முதல் தேர்தலிலேயே சிறு கட்சி இதைத் தொடுவது அரிது. அந்தப் பணத்தைச் செலவாகக் கருதியே திட்டமிடுங்கள்.

ஏ படிவம், பி படிவம் என்கிறார்களே?

நீங்கள் இந்தக் கட்சியின் வேட்பாளர்தான் என்பதற்கான அத்தாட்சி இவை. வேட்பாளரை அறிவிக்கும் அதிகாரம் எந்த நிர்வாகிக்கு என்பதைக் கட்சித் தலைமை தன் கையெழுத்தோடு சொல்வது ஏ. அந்த நிர்வாகி உங்கள் பெயரைச் சொல்வது பி. இரண்டும் மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மையால் இட்ட அசல் கையெழுத்து மட்டுமே செல்லும். ரப்பர் ஸ்டாம்ப், ஸ்கேன், வாட்ஸ்அப்பில் வந்த பிரிண்ட் எதுவும் ஆகாது. தலைவர் ஒரு ஊரில், வேட்பாளர் வேறு ஊரில் என்றால் இரண்டு நாள் முன்பே ஆள் மூலம் வரவழையுங்கள். கூரியரை நம்பிக் கடைசி நாள் வரை காத்திருப்பது ஆபத்து.

படிவம் 26-ல் ஓய்வூதியர்கள் தவறும் இடங்கள் எவை?

நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துத் தரும் பிரமாணப் பத்திரம் இது. சொத்து, கடன், வழக்கு, கல்வி, கடைசி 5 ஆண்டு வருமான வரிக் கணக்கின் வருமானம் எல்லாம் இதில் வரும். உங்களுடையது மட்டுமல்ல, வாழ்க்கைத் துணை, உங்களைச் சார்ந்திருப்பவர்களுடையதும் வேண்டும்.

முதல் விதி: எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. கோடு போட்டு விடுவதும் காலி விட்டதற்குச் சமம். 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதுங்கள். காலியிடம் இருந்தால் அலுவலர் குறிப்பு எழுதிக் கொடுப்பார். பரிசீலனை தொடங்கும் நேரத்துக்குள் முழுமையான புதிய பத்திரம் தராவிட்டால் மனு தள்ளுபடியாகும். இது 2013-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய நிலை.

இரண்டாவது, அரசுக் குடியிருப்பு. கடந்த 10 ஆண்டுகளில் எப்போதாவது அரசு ஒதுக்கிய வீட்டில் குடியிருந்தீர்களா என்ற கேள்வி உண்டு. எம்எல்ஏ, எம்பி-க்களுக்கான கேள்வி என்று நினைத்து இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சமீபத்தில் ஓய்வுபெற்ற காவலர், செவிலியர் எனக் குவார்ட்டர்ஸில் இருந்த எல்லோருக்கும் இது பொருந்தும். வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசி ஆகியவற்றில் பாக்கி இல்லை என்று அந்தந்த அலுவலகத்தின் சான்று வேண்டும். பணிக்கொடைக்காக ஓய்வின்போது வாங்கிய பழைய 'பாக்கியில்லை' சான்றின் நகலைத் தேடி எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அதில் மின்சாரமும் குடிநீரும் இருக்காது. புதிதாகக் கேட்டால் அலுவலகங்களில் நாள் பிடிக்கும், ஒரு மாதம் முன்பே மனு போடுங்கள்.

மூன்றாவது, வழக்குகள். சங்கப் போராட்டத்தில் மறியல் செய்து, காலையில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலையில் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, வழக்கு நிலுவையில் இருக்கலாம். அந்தக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டு, எண், பிரிவு, நீதிமன்றம் விவரங்களை வாங்கிப் பத்திரத்தில் குறிப்பிடுங்கள். உரிமைக்காகத் தெருவில் உட்கார்ந்ததில் வெட்கப்பட ஏதுமில்லை. மறைத்தால்தான் குற்றம். வழக்கு இருந்தால் பிரச்சார காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் நீங்களே விளம்பரம் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

நான்காவது, சேமிப்பு. பணிக்கொடை, ஓய்வூதியத் தொகுப்பு எனக் கிடைத்த பணம் வங்கி வைப்பு, அஞ்சலகம், கூட்டுறவு வங்கி என்று பிரிந்து கிடக்கும். துணைவியார் பெயரில் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கு, பூர்வீக வீட்டில் உங்கள் பங்கு, பேத்திக்கு என்று வாங்கி இன்னும் தராத நகை எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஒரு தாளில் முதலில் பட்டியலிட்டு, பாஸ்புக்குகளை எதிரே வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற வேட்பாளர் உறுதிமொழியை எப்போது எடுக்க வேண்டும்?

மனுக் கொடுத்த உடனேயே, அதே அலுவலர் முன். பரிசீலனை நாளன்று எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனவர்களின் மனு அதனாலேயே தள்ளுபடியாகிறது. பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் முடித்து, எடுத்ததற்கான சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாத் தொகுதியிலும் ஒரே சின்னம் கிடைக்குமா?

மாநிலத்தின் 5 விழுக்காடு தொகுதிகளிலாவது நின்றால் பொதுச் சின்னம் கேட்கலாம். 234-ல் 5 விழுக்காடு 11.7, அதாவது 12 தொகுதிகள். டெபாசிட் மட்டுமே ரூ.1,20,000. சட்டமன்றத்தின் காலம் முடிவதற்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். எந்தக் கட்சிக்கும் ஒதுக்கப்படாமல் பட்டியலில் உள்ள சின்னங்களில் பத்தை விருப்ப வரிசையில் எழுதித் தர வேண்டும். முதலில் விண்ணப்பித்தவருக்கே முதல் உரிமை. கடைசி 3 ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கும், கடைசி 2 தேர்தல்களின் செலவுக் கணக்கும் இணைக்க வேண்டும். இதில் பிந்தும் கட்சிகள்தான் அதிகம்.

12 தொகுதி முடியாதென்றால் ஒவ்வொரு வேட்பாளரும் மனுவில் மூன்று சின்னங்களைக் கேட்கலாம். சுயேச்சைகளை விட நமக்கு முன்னுரிமை உண்டு. தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: வாக்கு எந்திரத்தில் கட்டைவிரல் அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சானால், கண்புரை உள்ள எழுபது வயதுக்காரருக்கு அது தெரியுமா? மெல்லிய கோடுகளால் ஆன சின்னம் நோட்டீஸில் அழகாக இருக்கும், எந்திரத்தில் காணாமல் போகும்.

ஓய்வூதியர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஏன் வெல்ல முடிவதில்லை?

எண்ணிக்கை இருக்கிறது, அது ஓரிடத்தில் இல்லை. 234 தொகுதிகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையில் சிதறிய வாக்கு இடமாக மாறாது.

வெளிநாடுகளில் ஓய்வூதியர் கட்சிகள் வென்ற இடங்களைப் பாருங்கள். இஸ்ரேலில் ரஃபி எய்தான் தலைமையில் நின்ற ஓய்வூதியர் கட்சியான கில், 2006-ல் சுமார் 6 விழுக்காடு வாக்கில் 7 இடங்களைப் பிடித்தது. நாடு முழுவதும் ஒரே தொகுதி, வாக்கு விகிதப்படி இடம் என்பதால் அது நடந்தது. ஸ்காட்லாந்தில் 2003-ல் மூத்த குடிமக்கள் கட்சியின் ஜான் ஸ்வின்பர்ன் வென்றதும் வட்டாரப் பட்டியல் இடத்தில்தான். ஸ்லோவேனியாவின் தேசுஸ் கட்சி 1996 முதல் 2022 வரை நாடாளுமன்றத்தில் இருந்தது, கூட்டணி அரசுகளில் அமைச்சர் பதவிகளையும் பெற்றது. இவை எல்லாமே விகிதாசார முறையின் பலன்.

அவர்களின் சரிவிலும் பாடம் இருக்கிறது. கில் 2009-ல் ஒரு இடம்கூடப் பெறவில்லை. நெதர்லாந்தில் 1994-ல் முதியோர் கட்சி 6 இடங்களை வென்று, சில ஆண்டுகளுக்குள் உட்சண்டையால் சிதறியது. வென்றவர்களிடையே ஒழுங்கைக் காக்க அமைப்பு இல்லாததே அங்கே கெடுத்தது.

ஆகவே எங்கள் கருத்து: முதலில் உள்ளாட்சி. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டு ஒன்றில் நூறு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு. ஓய்வுபெற்றவர்கள் வீடு கட்டிக் குடியேறிய நகர்கள், ஆசிரியர் காலனி, போக்குவரத்துக் கழகத்தார் காலனி, ரயில்வே காலனியை ஒட்டிய தெருக்கள் ஒரே வார்டுக்குள் வரும். அங்கே வயது வரம்பு 21, வேட்பாளர் அந்த உள்ளாட்சியின் வாக்காளராக இருக்க வேண்டும். சட்டமன்றத்தில் நிற்பதென்றால் இத்தகைய வார்டுகள் நான்கைந்து சேர்ந்திருக்கும் தொகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

பிரச்சாரத்திலும் 'ஓய்வூதியர்' என்ற ஒரே சொல் போதாது. தொழிலாளர் வைப்புநிதித் திட்டத்தில் 2014 முதல் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் ரூ.1,000. ஆலையில் உழைத்து அதை வாங்குகிறவரும், அரசுப் பணியில் இருந்து முழு பென்ஷன் வாங்குகிறவரும், 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்போ சேர்ந்ததால் பழைய திட்டத்துக்கு வெளியே நிற்கிறவரும் வேறு வேறு மனிதர்கள். முதலாமவரின் கதவைத் தட்டி அகவிலைப்படி பேசினால் அவர் ஏன் கேட்பார்?

85 வயதானவர்களின் வீட்டு வாக்கு நமக்கு உதவுமா?

உதவும், விதியை மீறாமல் செய்தால். 2024-லிருந்து இந்த வயது 80 அல்ல, 85. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் உண்டு. வீட்டிலிருந்தே வாக்களிக்க விண்ணப்பிக்கும் படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவருவார். கட்சிக்காரர்கள் படிவத்தை மொத்தமாக வாங்கி நிரப்பித் தரக்கூடாது. நீங்கள் செய்யக்கூடியது, தகுதியுள்ளவர்களுக்கு இந்த ஐந்து நாள் கெடுவை நினைவூட்டுவதுதான்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்லுங்கள். 12டி ஏற்கப்பட்டவர் பிறகு வாக்குச்சாவடிக்குப் போனால் ஓட்டுப் போட முடியாது. நடக்க முடிகிற பெரியவர் பிள்ளைகள் சொன்னதற்காகக் கையெழுத்திட்டுவிட்டு, தேர்தல் நாளன்று வேட்டி மடித்துக் கட்டிப் போய்த் திரும்பி வருவது வேதனையான காட்சி. வாக்குப்பதிவுக் குழு வரும் நாள் முன்கூட்டியே தெரிவிக்கப்படும். ஆள் இல்லையென்றால் இரண்டாம் முறை வருவார்கள், மூன்றாம் முறை கிடையாது. வேட்பாளர் தரப்பில் ஒருவர் பார்வையாளராகப் போகலாம், வாய் திறந்து ஓட்டுக் கேட்கக் கூடாது.

ஓய்வூதியர் சங்கத்தின் பணத்தைத் தேர்தலுக்குச் செலவிடலாமா?

வேண்டாம். சங்கம் வேறு, கட்சி வேறு. சங்கத்தின் சந்தா அதன் விதிகளில் எழுதிய நோக்கங்களுக்கானது. மற்றக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடும் உறுப்பினரின் பணமும் அதில் இருக்கிறது. ஒரு உறுப்பினர் புகார் செய்தால் சங்கப் பதிவாளர் வரை போகும், பல ஆண்டு உழைத்துக் கட்டிய சங்கம் உடையும். விருப்பமுள்ளவர்கள் தம் சொந்தக் கணக்கிலிருந்து கட்சியின் கணக்குக்கு அனுப்பட்டும்.

செலவுக் கணக்கை எப்படி வைப்பது?

சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு ரூ.40 லட்சம். நம் கவலை வரம்பைத் தாண்டுவது அல்ல, எழுதாமல் விடுவது. மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பென்ஷன் வரும் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே ஆளுக்கு, ஒரே கடைக்கு தேர்தல் காலம் முழுவதும் சேர்த்து ரூ.10,000-க்கு மேல் ரொக்கம் தரக்கூடாது. அச்சகத்துக்கு மூன்று தவணையாகத் தலா ரூ.4,000 கொடுத்தாலும் வரம்பு மீறியதாகிவிடும்.

அலுவலர் தரும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரச்சார நாட்களில் குறைந்தது மூன்று முறை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். நண்பர் இலவசமாகத் தந்த ஆட்டோவும் செலவே, அதன் வாடகை மதிப்பை எழுதுங்கள். நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் அது தனிக் குற்றம்.

பூத் ஏஜெண்டுகள் போதவில்லையே?

எல்லாச் சாவடிக்கும் ஆள் போட முயன்று எங்கும் உருப்படியாக அமையாமல் போவதை விட, உங்கள் வாக்கு இருக்கும் முப்பது சாவடியை முழுமையாகப் பார்த்துக்கொள்வது மேல். படிவம் 10-ல் நியமனம். ஒருவர் அமர, மாற்றிவிட இருவர். எழுபது வயதில் காலை ஐந்தரை மணி மாதிரி வாக்குப்பதிவிலிருந்து மாலை வரை ஒருவரே உட்கார முடியாது. சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டு நேரம் பார்த்து முறை பிரியுங்கள். முடிவில் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக்கூடாது. அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்கு அதில்தான் இருக்கும்.

தோற்றுவிட்டோம். இன்னும் ஏதாவது பாக்கி உண்டா?

முக்கியமான ஒன்று உண்டு. முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ரசீதுகள், வங்கி அறிக்கை, உறுதிமொழிப் பத்திரத்தோடு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். ஐம்பது ஓட்டு வாங்கியவரும் தர வேண்டும், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவரும் தர வேண்டும். தராவிட்டால் 3 ஆண்டு எந்தச் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற சோர்வில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி, தகுதி இழந்த பட்டியலில் பெயர் வந்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. கணக்கைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கி, பிபிஓ (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) வைத்திருக்கும் அதே உறையில் பத்திரப்படுத்துங்கள். கட்சியும் தன் பங்குக்குத் தனிக் கணக்கு தர வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு அதற்கான கெடு 75 நாள்.